ஓணத்துக்கு முந்தைய வாரம், குமரியின் சரக்குப் பாதைகளில்

குமரி மாவட்டத்தில் சரக்குப் போக்குவரத்துத் திட்டத்துக்கான கள ஆய்வு தொடங்கப்போகிறது. அதற்கு முன்னால் ஒருமுறை தனியாகப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். சென்னையில் எங்கள் மேசையில் கிடந்த வரைபடத்தில் இந்த மாவட்டத்துக்கு இரண்டே தடித்த கோடுகள்: ஸ்ரீநகரிலிருந்து வரும் 44ம் எண் நெடுஞ்சாலை, பன்வேலிலிருந்து மேற்குக் கரையோரமாக வரும் 66ம் எண் நெடுஞ்சாலை. சரக்கு முழுவதும் அந்தக் கோடுகளின் மேல்தான் ஓடுகிறது என்ற நினைப்பில் போனேன். ஊர் வேறு மாதிரி இருந்தது. அன்றன்று இரவு எழுதிய குறிப்புகளைக் கொஞ்சம் சீர்செய்து இங்கே தருகிறேன்.

ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு: நாகர்கோவில்

ரயிலை விட்டு இறங்கியதும் ஊருக்குள் போகாமல் சரக்குக் கொட்டகைப் பக்கம் நடந்தேன். அரிசி ரேக் ஒன்று, அதாவது ஒரு முழுச் சரக்கு ரயில், வந்து நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று யாரும் ஓய்ந்திருக்கவில்லை. கொடுத்த மணி நேரத்துக்குள் வேகனைக் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும், அதனால் ரயில் எப்போது வருகிறதோ அப்போதுதான் இங்கே வேலை நாள். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிய ஆட்கள் மூட்டையோடு பலகையில் ஏறி லாரிக்குள் மறைவதும், வெறுந்தலையோடு இறங்கி வருவதுமாக இருந்தார்கள்.

ஒரு ரேக் என்றால் பொதுவாக 42 வேகன். வேகனுக்கு 60 டன் என்று வைத்தாலும் 2,500 டன். பத்துச் சக்கர லாரிக்கு, வண்டியும் பாரமும் சேர்த்து, 2018ல் 25 டன்னிலிருந்து 28.5 டன் வரை அனுமதியை உயர்த்தினார்கள். வண்டியின் சொந்த எடை போக 18, 19 டன் ஏற்றலாம். அப்படிப் பார்த்தால் இந்த ஒரு ரயில் ஊர்த் தெருக்களுக்குள் 130 லாரி நடைகளுக்கு மேல் அனுப்புகிறது. மதுரையிலிருந்து வந்த பாரத்தை ரயில் எவ்வளவு அழகாகச் சுமந்தாலும், கடைசிச் சில கிலோமீட்டர் மறுபடியும் லாரிதான். ரயிலில் சரக்கு ஏற்றினால் சாலை நெரிசல் குறையும் என்று எங்கள் அறிக்கைகளில் வரும் வரியை இங்கே நின்று படித்துப் பார்க்க வேண்டும். குறையும்தான், நெல்லைச் சாலையில். கொட்டகை வாசலில் கூடும்.

மதுரை பக்கத்திலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை வந்துவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் போகும் 87 கிலோமீட்டர்ப் பாதையில் இரண்டாவது தண்டவாள வேலை இன்னும் நடக்கிறது. 1979ல் திறந்த ஒற்றைப் பாதை அது. பயணிகள் ரயிலுக்கே ஒதுங்கி நிற்க வேண்டிய நிலையில் சரக்கு ரயிலுக்கு எங்கே வழி கிடைக்கும்?

மதியம் வடசேரி பக்கம் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. சம்பா அரிசிச் சோறு, மாங்காய் போட்ட சாளை மீன்கறி, தேங்காய் வறுத்தரைத்த தீயல், 110 ரூபாய். இரண்டாம் முறை குழம்பு கேட்பதற்குள் அந்த அம்மா ஊற்றிவிட்டார். "நல்லா சாப்பிடுங்க மக்களே, அலையுத வேலையில்லா" என்றார். என் தோள் பையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

செப்டம்பர் 1, திங்கள்: திங்கள்சந்தை

இருட்டு விலகுமுன் வந்துவிட்டேன். தரையெங்கும் வாழைக்குலைகள். ஏத்தன் என்கிற நேந்திரன், செவ்வாழை, ரசகதலி, பாளையங்கோட்டன், மட்டி. நான்கு நாளில் திருவோணம் என்பதால் ஏத்தனுக்குத்தான் கூட்டம். கேரளத்தில் வீட்டுக்கு வீடு உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், வறுக்கிற வாரம் இது. வியாபாரி குலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு காயைத் தட்டிப் பார்த்து, விலை சொல்லி, கீழே வைக்கிறார். பேச்சே இல்லாமல் பாதி வியாபாரம் முடிகிறது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது குலைகளை அல்ல, அவை வந்து சேரும் விதத்தை. பைக்கின் பின்சீட்டில் இரண்டு குலை. ஸ்கூட்டரில் காலிடுக்கில் ஒன்று. ஆட்டோவில் பயணி உட்காரும் இடத்தில் ஐந்தாறு. அப்புறம் குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி, அதற்கு மேல் டெம்போ. தோட்டங்கள் எல்லாம் சிறியவை, வீட்டைச் சுற்றியே விளைகிறவை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்ந்த மாவட்டம் இது. ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடத்தை மேற்குப் பக்கத்தில் யாராலும் காட்ட முடியாது. வீடு, வாழை, தென்னை, மறுபடியும் வீடு.

வாகனக் கணக்கெடுப்புப் படிவத்தில் பைக் பயணிகள் வாகனம், ஆட்டோவும் பயணிகள் வாகனம். அந்தக் கட்டங்களில் கோடு போட்டுக்கொண்டே போனால் இந்தச் சந்தையில் லாரி வரும் வரை சரக்கே இல்லை என்று ஆகிவிடும். ஆனால் விவசாயி தன் உழைப்பைக் காசாக்கும் பயணம் அந்த பைக்கில்தான் நடக்கிறது. அந்த ஒற்றைக் குலைக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். "என்னத்துக்கு மக்களே எழுதுதிய? வண்டிக்கு வரி போடவா?" இல்லை தாத்தா, சாலை எப்படிப் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ரோட்டை விடுங்க. இந்தச் சந்தைக்கு வெளியில டெம்போ நிக்க ஒரு இடம் இருந்தா போதும். நிக்க இடமில்லாம ஓடிக்கிட்டே பேரம் பேசுதானுவ."

அந்த டெம்போக்காரர்களில் ஒருவரோடு சாயா குடித்தேன். திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற இடத்தில் இருக்கும் சந்தைக்குப் போகிறார். எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், அதற்கப்புறம் போனால் விலை ஒரு படி கீழே. வரும்போது? "காலிதான்க்கா. ரிட்டர்ன் லோடு எப்பவாச்சும் கிடைக்கும். வாடகையில ரெண்டு பக்கத்துக்கும் சேத்துத்தான் வாங்குவோம்." போகிற லோடும் திரும்புகிற காலி வண்டியும் சேர்ந்துதான் அந்தக் குலையின் விலை. திரும்பும் வண்டிக்கு ஒரு பாரம் பிடித்துக் கொடுக்க முடிந்தால் அதுவே விவசாயிக்கு ஒரு படி விலை.

புட்டு, பயறு, பப்படம், கூடவே பழுத்த மட்டி இரண்டு. 70 ரூபாய். மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தாலும், பழுத்தபின் அதிக தூரம் அலைச்சல் தாங்காத பழம் அது. சென்னைக்காரர்கள் சாப்பிட வேண்டுமானால் முதலில் அதற்கேற்ற பெட்டியும் இரவு வண்டியும் வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்: மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காய்ப்பட்டணம்

வெயில், உடனே மழை, மறுபடி வெயில். குடையை மடக்கவே இல்லை.

மணவாளக்குறிச்சியில் பேருந்து ஜன்னல் வழியாகக் கருமணலைப் பார்த்தேன். இந்த மணலின் கதை சரக்கிலிருந்துதான் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கே தோரியம் கலந்த மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிறு வாங்கப் போய்த் தோரியத்தைக் கண்டார்கள்.

குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மாவின் படை 1741ல் தோற்கடித்ததன் நினைவுத் தூண் நிற்கிறது. அந்தச் சண்டையின் அடியில் கிடந்ததும் சரக்குதான், மிளகு. அதை யார் எந்தக் கப்பலில் ஏற்றுவது என்பதுதான் வழக்கு.

மீன் ஏலத்தில் நிற்கவே இடமில்லை. நெத்தோலி, சாளை, கணவாய். பெரிய வியாபாரிகளுக்கு ஐஸ் போட்ட வேன்கள் காத்திருந்தன. அலுமினியச் சட்டியோடு நின்ற பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டு ஊர்களுக்குள் கிளம்பினார்கள். மதியம் பல வீடுகளில் கொதிக்கிற மீன்கறி அந்த ஆட்டோவில்தான் போகிறது. எண்ணினால் அதுவும் பயணிகள் வாகனம்.

மீனுக்கு ஒரு காலண்டர் இருக்கிறது, அதைத் தெரியாமல் இந்த மாவட்டத்தில் எதையும் எண்ணக் கூடாது. கிழக்குக் கடல் பக்கமான சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். மே மாதம் எடுத்த கணக்கில் மேற்கே வண்டி நிறைந்திருக்கும், ஜூலையில் எடுத்தால் காலியாக இருக்கும். எந்த மாதக் கணக்கை வைத்துப் பாலத்தின் அகலத்தை முடிவு செய்வது?

தேங்காய்ப்பட்டணம் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. துறைமுகத் தளத்தில் மீன் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து கிடந்தன. கால் வழுக்கி என் செருப்பின் வார் அறுந்துவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார், செருப்பைக் கொடுத்தேன். வலை நூலை ஊசியில் கோத்து நான்கு தையல். காசு எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மழையில வந்திருக்கிய, வெறுங்காலோட போவியளா?"

அவரிடம்தான் மே மாதத்தில் நடந்ததைக் கேட்டேன். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மே 25 அன்று 640 கண்டெய்னர்களோடு கேரளக் கடலில் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை அலையில் அடித்துக்கொண்டு இந்தக் கரைகளிலும் வந்து ஒதுங்கியது. "எங்க மீனு அந்தக் கப்பல்ல போவல. எங்களுக்கு வேண்டிய சாமானும் அதுல வரல. குப்பை மட்டும் வந்துது." அவர் குரலில் கோபம்கூட இல்லை. இங்கே இனயம் என்ற கடலோர ஊரில் பெரிய துறைமுகம் கட்ட 2016ல் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தபோது இந்தக் கடலோரம் ஏன் அப்படி எதிர்த்து நின்றது என்று கேட்பவர்கள், இந்தக் கரையில் வந்து அரை மணி நேரம் நிற்கலாம். இனயத்திலிருந்து இதே மாவட்டத்துக் கோவளம், மணக்குடி பக்கம் இடம் மாற்றிப் பார்த்தார்கள், அங்கேயும் எதிர்ப்பு. பெரிய கப்பலுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய திட்டம் அது. கரையில் இருப்பவர்களின் சரக்கு எப்படிப் போகிறது என்று முதலில் யாரும் கேட்கவில்லை.

இருட்டுமுன் ஏவிஎம் கால்வாயைப் பார்த்தேன். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். 1860ல் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்கத் தோண்டத் தொடங்கியது, முழுவதும் முடியவில்லை. 2016ன் தேசிய நீர்வழிச் சட்டத்தில் இருக்கிற 111 நீர்வழிகளில் பூவாறு முதல் இரயுமன்துறை வரையிலான இதன் 11 கிலோமீட்டருக்கு 13ம் எண். நான் பார்த்த இடத்தில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் நிறைந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை. சட்டத்தில் பெயர் ஏறிய ஒரு சரக்குப் பாதை இப்படிக் கிடக்கக் கூடாது. தோணி ஓடுவது அப்புறம் இருக்கட்டும், மழைத் தண்ணீர் ஓடவாவது இதைத் தூர்வார வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்: குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளை

காலையில் குலசேகரத்தில் ஒரு மணி நேரம். ரப்பர் ஷீட் வாங்கும் கடைகளில் புகை வாசம். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அதனால் இன்று வரத்துக் குறைவு. வெட்டி முடிந்த பழைய மரங்கள் தடியாக லாரியில் ஏறிப் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் போகின்றன. மலைப் பாதையிலிருந்து அந்தத் தடி லாரி இறங்கி வரும் எல்லா வழியும் மார்த்தாண்டத்தில் வந்து விழுகிறது.

எல்லாமே மார்த்தாண்டத்தில்தான் வந்து விழுகிறது. 2018 இறுதியில் திறந்த இரும்பு மேம்பாலம் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஊரின் தலைக்கு மேலே போகிறது. மேலே வண்டிகள் ஓடின. கீழே என் பேருந்து முக்கால் மணி நேரம் நின்றது. காரணம் ஒரு டெம்போ. கடைக்கு முன்னால் நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது, எதிரே இன்னொன்று. அந்த டிரைவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. கடை அங்கேதான் இருக்கிறது, பின்வாசல் கிடையாது, இறக்குவதற்கென்று ஒதுக்கிய இடமும் கிடையாது. மேம்பாலம் கடந்து போகிற சரக்குக்குக் கட்டியது. ஊருக்குள் வந்து இறங்குகிற சரக்குக்கு ஒன்றும் கட்டவில்லை.

போக்குவரத்துக் கணக்கில் ஒரு லாரியை மூன்று காராக எடுத்துக்கொள்வோம். ஓடுகிற லாரிக்கு அது சரி. நின்று இறக்குகிற வண்டி அரைச் சாலையை எடுத்துக்கொள்கிறது, அதற்குக் கணக்கு வேறு. காலை 6 மணிக்கு முன்னால், இல்லையென்றால் மதியம் 2 முதல் 4 வரை இறக்கலாம் என்று நேரம் பிரித்து, இரண்டு மூன்று இடங்களில் பத்து வண்டி நிற்க இடம் கொடுத்தால் இந்தத் தெரு மூச்சு விடும். மேம்பாலச் செலவில் ஒரு ஓரம்கூட ஆகாது.

மழை பிடித்துக்கொண்டது. பையின் ஜிப் சரியாக மூடாததால் படிவங்கள் நனைந்துவிட்டன. ஒரு பேன்சி கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு மின்விசிறிக்குக் கீழே தாள்களைப் பரப்பச் சொன்னார். காய்வதற்குள் பழம்பொரியும் சாயாவும் வாங்கி வரச் சொல்லிவிட்டார். இரண்டு பழம்பொரி 24, சாயா 12. கொடுக்கவே விடவில்லை.

களியக்காவிளைக்கு மூன்றரை மணிக்குப் போனேன். 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தபோது எல்லைக் கோடு இந்தச் சந்தை ஊருக்குப் பக்கத்தில் விழுந்தது. ஆட்கள் கோட்டைக் கவனிப்பதே இல்லை. ஒரே வாயில் இரண்டு மொழியும் ஓடுகிறது. லாரிகள்தான் கவனிக்கின்றன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு வணிகவரிச் சோதனைச்சாவடி போய்விட்டது. இருந்தாலும் கனிமவளத்துக்கு நடைச்சீட்டு, ரேஷன் அரிசிக்குச் சோதனை, பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழி வண்டிக்கு மருந்து என்று நிற்க வேண்டிய காரணங்கள் மீதமிருக்கின்றன. அந்தச் சோதனைகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ரேஷன் அரிசி எங்கே போகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். சோதிக்க ஒதுங்கி நிற்கிற இடம்தான் இல்லை. டாரஸ் என்ற பெரிய பார லாரி நடுச்சாலையில் நிற்கிறது, பின்னால் பள்ளி வேன் நிற்கிறது, அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றதை நானே பார்த்தேன்.

பாறாங்கல், எம்சாண்ட், ஜல்லி. இந்த மாவட்ட மக்கள் மனத்தில் சரக்கு லாரி என்றாலே இதுதான். நெல்லைப் பக்கத்திலிருந்தும் இங்கிருந்தும் மலை மலையாக எல்லை தாண்டிப் போகிறது. விழிஞ்ஞத்தின் அலைத்தடுப்புச் சுவர் மட்டும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அதன் கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று இங்கே சாயாக்கடையில் சொல்வார்கள். அந்தத் துறைமுகத்தை இந்த ஆண்டு மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இப்போதைக்கு அங்கே கண்டெய்னர் கப்பலுக்குக் கப்பல் மாறுகிறது, அவ்வளவுதான். பாலராமபுரம் வரை 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை, பெரும்பகுதி சுரங்கத்தில், திட்டமாகியிருக்கிறது. அதுவும் 66ம் சாலைக்கான இணைப்பும் முழுதாக வந்துவிட்டால் கண்டெய்னர் லாரி முதலில் தேடிவரும் பக்கத்து மாவட்டம் இது. அங்கே கேரளத் திட்டம் எல்லையில் முடிகிறது. இங்கே நம் திட்டம் எல்லையில் தொடங்குகிறது. 66ன் நான்கு வழிச் சாலை வேலையோ, குளங்களுக்கு நடுவே போகும் பாதையும் நிரப்ப மண் கிடைக்காத சிக்கலுமாக இழுத்துக்கொண்டே வந்தது. இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தில் வேலை செய்யாவிட்டால் அந்த லாரிகள் எல்லாம் களியக்காவிளைக்குப் பக்கத்துப் படந்தாலுமூட்டில் வந்து நிற்கும்.

இரவுச் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், 90 ரூபாய். மூன்று மணி நேரம்தான் தூக்கம். நாளைக்குத் தோவாளை.

செப்டம்பர் 4, வியாழன்: தோவாளை, ஆரல்வாய்மொழி

இரவு இரண்டரைக்குத் தோவாளையில் இறங்கினேன். பூ வாசம் சாலைக்கே வந்துவிட்டது. நாளை திருவோணம். ஓசூர் பக்கத்திலிருந்து ரோஜா, திண்டுக்கல், மதுரையிலிருந்து மல்லி, சுற்று ஊர்களிலிருந்து பிச்சி, அரளி, சம்பங்கி. கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக. கேரள வண்டிகள் பின்பக்கக் கதவைத் திறந்தபடியே காத்திருந்தன. நான்கு மணிக்குக் கேட்ட பிச்சி விலை ஐந்தரைக்கு இல்லை, ஏறியிருந்தது. ஏழு மணிக்கு அந்த விலையும் இல்லை, இறங்கியிருந்தது. பூவின் விலையைக் கடிகாரம்தான் எழுதுகிறது.

ஓர் அக்கா மாலை கட்டிக்கொண்டே என்னிடம் பேசினார். மதுரை வண்டி ஒரு மணி நேரம் பிந்தினால் என்ன ஆகும்? "என்ன ஆவும், எங்களுக்குக் கூலி போவும். திருவனந்தபுரத்துக்காரன் இருக்கிறதை எடுத்துட்டுப் போயிருவான். மிச்சப் பூவை நாங்க யாருக்குக் கட்ட?" விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கிளம்பும்போது ஒரு முழம் பிச்சியைக் கையில் திணித்தார். தங்கச்சி தலையில பூ இல்லாமப் போகக் கூடாது என்று.

வழக்கமான வாகனக் கணக்கெடுப்பு பலமுறை காலை 6 முதல் மாலை 6 வரைதான் நடக்கும். தோவாளையின் சரக்கில் முக்கால்வாசி அதற்கு முன்பே எல்லை தாண்டிவிடும். பூ மூன்று மணிக்கு, வாழை ஆறு மணிக்கு, மீன் ஏலம் முடிந்ததும், அரிசி ரயில் வரும்போது, கல் லாரியை ஊருக்குள் விடுகிற நேரத்தில். ஐந்து சரக்குக்கு ஐந்து கடிகாரம். சாலையை அகலப்படுத்துவது பத்து ஆண்டு வேலை. இந்தக் கடிகாரங்களை ஒன்றோடொன்று மோதாமல் ஓட வைப்பது ஓர் ஆண்டு வேலை. முதலில் அதைச் செய்வோம் என்பதுதான் இந்தச் சுற்றில் எனக்கு உறுதியாகப் பட்டது.

எட்டு மணிக்கு ஆரல்வாய்மொழி வந்தேன். கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. முப்பந்தல் காற்றாலைகள் ஒன்றுகூட ஓயாமல் சுற்றின. சாலையோரம் டாரஸ் லாரிகள் வரிசையாக நின்றன. பள்ளி நேரத்தில் ஊருக்குள் விடுவதில்லை. சரியான கட்டுப்பாடு, இந்த லாரிகளால் இந்த மாவட்டம் நிறைய உயிர்களைக் கொடுத்திருக்கிறது. ஆனால் காத்திருக்கும் இடம் என்ன? மண் ஓரம். நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, குழாய் இல்லை. பைக்கில் வரும் ஒருவர் லாரியைச் சுற்றிப் போக நடுச்சாலைக்கு வர வேண்டியிருக்கிறது.

ஒரு டிரைவர் வண்டி நிழலில் ஸ்டவ் வைத்து உளுந்தஞ்சோறு கிண்டிக்கொண்டிருந்தார். ராத்திரி பதினொரு மணிக்கு லோடு ஏற்றியிருக்கிறார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ல் வந்தது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று அதில் இருந்தது. அவரிடம் சொன்னேன். "ஓய்வுதான் மேடம், இப்ப நிக்குறேனே. ஆனா தூங்க முடியாது. எப்ப விடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். விட்டதும் எல்லாரும் ஒண்ணா கிளம்புவோம். முந்தினவனுக்கு ரெண்டாவது நடை கிடைக்கும்." அப்படித் தூங்காதவர், முந்த வேண்டியவர், பத்தரை மணிக்கு மார்த்தாண்டத்துக்குள் வருகிறார். விபத்துக்கான காரணத்தை டிரைவரின் காலடியில் தேடுகிறோம், நான் அதை இந்த மண் ஓரத்தில் பார்த்தேன். இங்கே ஐம்பது லாரி நிற்க ஒரு தளம், குளியலறை, படுக்க இடம், வண்டிக்கு வண்டி டோக்கன் நேரம், இவ்வளவும் வேண்டும். உன் நேரம் 11.20 என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் அதுவரை தூங்குவார், முந்தவும் வேண்டியதில்லை. களியக்காவிளைப் பக்கமும் இதேபோல் ஒன்று வேண்டும்.

உளுந்தஞ்சோற்றில் எனக்கும் ஒரு தட்டு போட்டார். எள்ளுத் துவையல் அவருடைய அம்மா கட்டிக் கொடுத்ததாம். ஒன்பதரைக்கு வரிசை அசைந்தது, தட்டைக் கழுவக்கூட நேரமில்லாமல் ஏறிப் போனார்.

நாகர்கோவில் திரும்பும் பேருந்திலேயே ஆய்வுக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். தோவாளையில் கணக்கெடுப்பு இரவு 2 மணிக்குத் தொடங்க வேண்டும். பைக்கிலும் ஆட்டோவிலும் போகிற சரக்குக்குத் தனிக் கட்டம் வேண்டும். மேற்கு, கிழக்கு மீன்பிடித் தடைக்காலங்களில் ஒருமுறை, அவை முடிந்தபின் ஒருமுறை எண்ண வேண்டும். எங்கிருந்து, எங்கே, என்ன பாரம் என்ற வழக்கமான கேள்விகளோடு டிரைவரிடம் எங்கே காத்திருந்தீர்கள், எவ்வளவு நேரம், கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்றும் கேட்க வேண்டும். திருவனந்தபுரத்தில் இதே வேலை செய்கிறவர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். குமரியில் டெம்போ ஓட்டுகிறவர்கள், மீன், பூ, வாழை வியாபாரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் வண்டி எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிற்க இடமில்லாமல் தவிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். ஆய்வுக்கான இடங்களை இன்னும் முடிவு செய்யவில்லை.